ஓடாத சிலிண்டரில் ஒரு கோடு

“மூணு மாசமா விளிம்பை மழுக்கறது ஒண்ணைத்தான் சொல்லித் தந்திருக்கீங்க டீச்சர். வேகத்தை எப்பத்தான் சொல்லித் தருவீங்க?”

கேட்ட மயில்சாமிக்கு நாற்பத்தாறு வயது. லேத் பட்டறைக்காரர். ஹெலன் டீச்சர் அவரைவிடப் பத்து வயது சின்னவர். பள்ளிக்கூடத்தில் பாடம் கணிதம். வீட்டுச் சமையலறையில் பாடம் பைக் எஞ்சினின் டூ-ஸ்ட்ரோக் சிலிண்டர்.

டீச்சர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“சிலிண்டர் துளையோட விளிம்பு கூரா இருந்தா பிஸ்டன் ரிங் அதுல மாட்டும்ணா.”

“மழுக்கினா வேகம் கூடுங்களா?”

“கூடாது.”

“அப்புறம் எதுக்குங்க?”

டீச்சர் களைந்த தண்ணீரை வடித்தார்.

மயில்சாமி பையிலிருந்து ஒரு சிலிண்டரை எடுத்து மேடைமேல் வைத்தார். புதுசு. எந்த வண்டியிலும் இன்னும் ஏறவில்லை. வீட்டிலேயே தேய்த்து, புகை வெளியேறும் துளையான போர்ட்டை இரண்டு மில்லி உயர்த்தி அகலமாக்கியிருந்தார். விளிம்பைத் தொடவில்லை.

“ஞாயித்துக்கிழமை ரேஸுங்க. அந்தச் சுவத்துல என் பேரும் வரணும்.”

சுவர் முழுக்கத் தாள்கள். சிலிண்டருக்குள் தாளைச் சுருட்டி விட்டு, பென்சில் தூள் தொட்ட விரலால் தேய்த்து எடுத்த அச்சுகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு பெயர்.

டீச்சர் கையைத் துடைத்தார். ஒரு தாளை உள்ளே விட்டார். தேய்த்தார். விரித்தார்.

போர்ட்டுகள் அழகாக விழுந்திருந்தன. பெரிய போர்ட்டின் மூலையிலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு.

அந்தக் கோட்டை மயில்சாமிக்குத் தெரியும். ரிங் மாட்டி, ஓட்டத்திலேயே எஞ்சின் இறுகி, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு, ஓட்டினவரைத் தூக்கியெறிந்த வண்டிகளில் பார்த்திருக்கிறார்.

சிலிண்டருக்குள் விரலை விட்டுத் தடவினார். கண்ணாடி போல வழுக்கியது.

“தாளு மடிஞ்சிருக்குங்க.”

“நீங்களே எடுங்க.”

எடுத்தார். அதே கோடு.

இன்னொரு தாள். அதே கோடு.

“டீச்சர், இது இன்னும் ஓடவே இல்லீங்க.”

“ஆமா.”

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஞாயித்துக்கிழமை யாரு ஓட்டறா?”

“தம்பிதானுங்க. சந்திரு.”

டீச்சர் தாளைச் சுவரில் ஒட்டினார். பென்சிலை எடுத்தார். அடியில் ‘ச’ என்று எழுதினார்.

“டீச்சர்! தேய்ச்சது நானுங்க.”

“தேய்ச்சவங்க பேரை இங்க எழுதறதில்லீங்ணா.”

“பின்னே?”

“ஓட்டினவங்க.”

மூன்று மாதமாக அவர் போர்ட்டின் உயரத்தை மட்டுமே பார்த்து வந்த சுவர். இப்போது முழுத் தாளையும் பார்த்தார். பக்கத்துத் தாளை. அதற்கடுத்ததை. மேல் வரிசையை.

எல்லாவற்றிலும் கோடு இருந்தது.

“உப்புத்தாள் எங்கீங்க டீச்சர்?”

“உங்க கையிலதான் இருக்குதுங்ணா.”

குனிந்து பார்த்தார். இருந்தது.

“விளிம்பைத் தேய்ங்க” என்றார் டீச்சர். பென்சிலைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை.