பதினாலு மைல்

தூத்துக்குடியில் ஒரு குரு உண்டு. காவி கிடையாது, தாடி கிடையாது, ஆசிரமமும் கிடையாது. பழைய வெள்ளைக் கார் ஒன்றும், அதன் முன்னும் பின்னும் சிவப்பில் எழுதிய 'எல்' எழுத்தும்தான் அவளுடைய மடம். பெயர் இசக்கியம்மாள். வயது முப்பத்தாறு. பெண்களுக்கு மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பாள்.

அவளிடம் படித்தவர்களிலேயே வயதில் பெரியவள் அமலோற்பவம். குருவைவிட இருபத்தோரு வயது மூத்தவள். பேக்கரியில் மக்ரூனுக்கு முட்டை வெள்ளைக்கரு அடித்தே காலத்தைக் கழித்தவள். ஐம்பத்து நாலாவது வயதில், யாரும் கூப்பிடாமல், கார் ஓட்டணும் டீச்சர் என்று வந்து நின்றாள்.

வீட்டில் கார் இருக்கிறதா என்றால் இல்லை. வாங்கப்போகிறாளா என்றால் அதுவும் இல்லை. அப்புறம் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பார்கள். இசக்கி கேட்கவில்லை. சாவியை எடுத்துக் கையில் கொடுத்தாள்.

காரணத்தை அமலோற்பவமே பிறகு ஒருநாள் சொன்னாள். அவள் புருஷன் தஸ்நேவிஸ் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலைக்காரர். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்துக்கு மேற்கே கப்பல் போய்க்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்னத் தீவு ஒன்றில் இறக்கி, அந்தத் தீவின் கடைக்கோடிக் கிராமத்தில், மாதா கோயில் கல்லறையில் அடக்கம் பண்ணிவிட்டார்கள். இங்கே செய்தி வந்தபோது அடக்கம் முடிந்து நாலு நாள். அவள் கடைசியாக ஒருதரம் முகம் பார்க்கவில்லை. ஒரு பிடி மண் போடவில்லை. அந்த ஊர்ச் சாமியார் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். புல்வெளி, ஒரு மரச் சிலுவை, பின்னால் கடல்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அன்றைக்கு ஊரே கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பும். புல்லைச் செதுக்கி, கல்லைக் கழுவி, பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, அவரவர் கல்லறையோரம் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். அமலோற்பவத்துக்கு உட்கார இடம் இல்லை. நடுவில் நிற்கிற பெரிய சிலுவைக்குக் கீழே ஒரு மெழுகுவர்த்தியை வைப்பாள். மற்றவர்கள் உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். பிள்ளை குட்டியும் கிடையாது. இப்படியே இருபத்தைந்து நவம்பர் போய்விட்டது.

ஒரே ஒரு நாள் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அக்கா மகன் இர்வின் கிளாஸ்கோவில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறான். அவன்தான் விசாரித்துச் சொன்னான். தீவுக்குக் கப்பல் உண்டு. துறைமுகத்திலிருந்து அந்தக் கிராமத்துக்குப் பதினாலு மைல். பஸ் கிடையாது. வாடகைக் கார் கிடைக்கும், நாமேதான் ஓட்டிக்கொள்ள வேண்டும். நான் லீவு போட்டு ஓட்டிக்கொண்டு வருகிறேன் சித்தி என்றும் சொன்னான். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. கட்டின புருஷனைப் பார்க்கப் போக எனக்கு ஆள் துணை எதுக்குடே என்று கேட்டாள். அந்த வீறாப்பில்தான் கார் பழக வந்தது.

மூன்று வருஷத்தில் லைசென்ஸ் வந்தது, பாஸ்போர்ட் வந்தது, விசாவும் வந்தது. கிளம்பப் பத்து நாள் இருக்கும்போது பயமும் வந்தது.

பேக்கரியில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். ஹாரன் அடித்தாலே அங்கே போலீஸ் வருமாம். ஆடு குறுக்கே வந்து மோதினால் ஆட்டுக்குத்தான் நியாயமாம். ரோடு நம்ம முடுக்கு மாதிரி ஒடுக்கமாம், ஒரு வண்டிதான் போகுமாம். சொன்னவர்களில் ஒருத்தர்கூடத் திருச்செந்தூரைத் தாண்டினதில்லை. இருந்தாலும் அமலோற்பவத்துக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு உப்பளத்து ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தவள் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டாள்.

"டீச்சர், இந்தப் பயம் எப்பப் போகும்?"

இசக்கி அமலோற்பவத்தின் கையைப் பிடித்துத் தன் வலது முழங்காலின் மேல் வைத்தாள். பயிற்சிக் காரில் சொல்லிக்கொடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவள் பாதம் அதன் மேல் இருந்தது. முழங்கால் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது.

"என்ன டீச்சர், காய்ச்சலா?"

"இல்லக்கா. பக்கத்துல ஆள் ஓட்டும்போது எப்பவும் இப்படித்தான்."

"இந்த மூணு வருஷமுமா?"

"உங்களுக்கு மூணு. எனக்குப் பதினோரு வருஷம்."

"அப்புறம் எப்படித் தினமும் வந்து உக்காருதீய?"

"கால் பாட்டுக்கு நடுங்கும். நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன்."

அமலோற்பவத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் பழைய கவலை திரும்பியது.

"அங்க பக்கத்து சீட்டு காலியா இருக்குமே டீச்சர்."

"இருக்கும்" என்றாள் இசக்கி.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா இந்தப் பெண் என்று அமலோற்பவத்துக்குச் சுருக்கென்றது. வண்டியைக் கிளப்பினாள்.

நவம்பர் ஒன்றாம் தேதி இர்வின் அவளைக் கப்பலேற்றிவிட்டு டியூட்டிக்குப் போனான். மறுநாள் காலை, ஸ்வெட்டருக்கு மேல் கோட்டும் கோட்டுக்கு மேல் சால்வையுமாக, தீவுத் துறைமுகத்து கராஜ் வாசலில் அமலோற்பவம் நின்றாள். அந்த ஊர்க் கிழவர் ஒருவர் சிவப்புக் கார் ஒன்றைக் காட்டி, சாவியைக் கொடுத்து, ரோட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் விளக்கினார். அவர் பேசினது இங்கிலீஷ்தான். அதில் ஒரு வார்த்தையும் இவளுக்குப் பிடிபடவில்லை. பெரிய மனுஷன் பாடுபட்டுச் சொல்கிறாரே என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

நம்ம ஊர் மாதிரியே இடது பக்கம்தான். ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். அதெல்லாம் சரி. ஆனால் பேக்கரியில் சொன்னது பொய்யில்லை. ரோடு ஒற்றை வண்டி அகலம். எதிரெதிரே இரண்டு வண்டி வந்தால் ஒதுங்குவதற்கு அங்கங்கே ரோட்டோரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தி விட்டிருந்தார்கள். ஒரு பக்கம் சேற்று நிலம், இன்னொரு பக்கம் கடல், தலைக்கு மேலே மழை. சிலுவை போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டு மைல் போயிருப்பாள். தூரத்தில் தபால் வண்டி ஒன்று தெரிந்தது. அது முகப்பு விளக்கை இரண்டு தரம் அடித்தது.

நம்ம ஊரில் எதிரே வருகிறவன் விளக்கை அடித்தால் என்ன அர்த்தம் என்று குழந்தைக்கும் தெரியும். நான் வாரேன், நிக்க மாட்டேன், நீ ஒதுங்கு. அவ்வளவுதான். அமலோற்பவம் சட்டென்று ரிவர்ஸ் போட்டாள். ரிவர்ஸில் அவள் கெட்டிக்காரி. கடைசியாகத் தாண்டின ஒதுக்கிடம் வரைக்கும் பின்னாலேயே போய் ஒண்டி நின்றாள். தபால் வண்டி கொஞ்சம் தாமதித்து, மெதுவாக வந்து, அவளைத் தாண்டிப் போனது. ஓட்டினவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். விரலைக் காட்டி எச்சரிக்கிறான் பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்து ஒரு பால் லாரி. அதுவும் விளக்கு அடித்தது. அதற்கும் பின்வாங்கினாள். அதன் பிறகு ஒரு சின்னக் கார், ஓட்டினது நரைத்த தலைப் பாட்டி. அவளுமா விளக்கை அடிக்க வேண்டும்? இந்தத் தீவில் ஒருத்தருக்குமா பொறுமை கிடையாது என்று அமலோற்பவத்துக்கு அழுகை முட்டியது. ஒரு பண்ணை வாசலில் வண்டியைத் திருப்பித் துறைமுகத்துக்கே வந்துவிட்டாள். ஒரு டீயைக் குடித்துவிட்டு மறுபடி போனாள். நாலு மைலில் மறுபடி திரும்பினாள்.

மூன்றாம் முறை கிளம்பினபோது மணி பன்னிரண்டரை. நாலு மணிக்கெல்லாம் அங்கே இருட்டத் தொடங்கிவிடும். நாளைக் காலையில் திரும்புகிற கப்பலை விட்டால் விமான டிக்கெட்டும் போச்சு. இன்றைக்கு இல்லையென்றால் இனி என்றைக்குமே இல்லை. ஐந்தாவது மைலில், ஒரு மேட்டைத் தாண்டினதும், முன்னால் ஒரு டிராக்டர். அது விளக்கை அடித்தது.

இந்தத் தடவை அவளுக்கு ரிவர்ஸ் போடக்கூடத் தெம்பில்லை. நல்லவேளையாகப் பக்கத்திலேயே ஒரு ஒதுக்கிடம் இருந்தது. அதில் வண்டியை ஏற்றி நிறுத்தி, எஞ்சினை அணைத்து, குருவுக்கு போன் போட்டாள்.

தூத்துக்குடியில் சாயங்காலம். இசக்கி கடைசி ஆளை வீட்டில் இறக்கிவிட்டு நின்றிருந்தாள்.

அமலோற்பவம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். தபால் வண்டியைச் சொன்னாள், பாட்டியைச் சொன்னாள். இருபத்தாறு வருஷம் காத்திருந்தவளுக்குப் பதினாலு மைல் போக யோக்கியதை இல்லை என்றாள். இந்த ஊர்க்காரர்கள் யாரும் என்னைப் போக விடமாட்டார்கள், நான் திரும்பிவிடுகிறேன் என்றாள். இசக்கி முழுக்கக் கேட்டாள்.

"இப்ப எதிர்ல யாருக்கா?"

"ஒரு டிராக்டர். லைட்டு அடிச்சாரு."

"வாராரா?"

அமலோற்பவம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். "இல்ல. நிக்காரு."

"நடு ரோட்டுலயா?"

"ஓரமா. அந்தப் பக்கத்து ஒதுக்கிடத்துல."

"காலையில மத்தவங்க?"

அவள் யோசித்தாள். தபால் வண்டி ஓரமாக நின்றிருந்தது. பால் லாரியும் அப்படித்தான். பாட்டியும்கூட ஓரமாக நின்றுதான் விளக்கை அடித்தாள். இவள் பின்னால் போய் ஒண்டின பிறகும் எல்லாரும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வந்தார்கள்.

"எல்லாரும் ஓரமாத்தான் நின்னாவ டீச்சர்."



"நான் வாரேன்னு சொல்லுதவன் ஓரமா நிப்பானாக்கா?"

அமலோற்பவம் டிராக்டரையே பார்த்தாள். மழைக்குள் ஒரு தொப்பி தெரிந்தது. அது நகரவில்லை.

"விளக்கு அடிச்சா ஒதுங்கணும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீய."

"ஆமாக்கா. எனக்கு நம்ம ஊர்தான் தெரியும்."

நீ முதலில் வா என்று கூப்பிட்டவர்களையெல்லாம் பார்த்து, காலையிலிருந்து பயந்து பயந்து பின்வாங்கியிருக்கிறாள். அது விளங்கியதும் அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் நின்றது. இப்போது கிளம்ப வேண்டியதுதான். சாவி கைக்கெட்டும் தூரத்திலேயே தொங்கியது. கை போகவில்லை.

"டீச்சர்."

"சொல்லுங்கக்கா."

"லைட்டு மட்டும் இல்ல."

அமலோற்பவம் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அந்தச் சிலுவைய நேர்ல பாத்துட்டா, அவிய செத்துட்டாவன்னு ஆயிரும். இன்னைக்கு வரைக்கும் நான் அவியள கப்பல்லதான் வச்சிருக்கேன். வருவாவ வருவாவன்னுதான் இருக்கேன். போய்ப் பாத்துட்டு வந்து, அப்புறம் நான் யாருக்கு இருக்க?"

இவ்வளவு வருஷத்தில் இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை.

தூத்துக்குடியில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது போனில் கேட்டது.

"எத்தனை மைல் இருக்குக்கா?"

"ஒம்பது."

"டிராக்டர் போயிட்டாரா?"

"இல்ல. இப்பவும் ஒருதரம் அடிச்சாரு."

"உங்களுக்காக நிக்கிறவர இன்னும் எத்தனை நேரம்க்கா நிக்க வைப்பீங்க?"