வாசல் கடையின் சாவி

கடைசியில் உங்களிடம் தீர்ப்புக் கேட்கப் போகிறேன். பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கல்லூரி. தொழில்முனைவோர் பாடத்தில் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிற யோசனை யாருடையதோ, அவருக்குக் கல்லூரி வாசலில் இருக்கும் கடை ஒரு வருடத்துக்கு வாடகையில்லாமல் கிடைக்கும். விடுதியில் தங்கிப் படித்த செண்பகவல்லிக்கு அந்தக் கடை வேண்டியிருந்தது. கிடைக்காவிட்டால் படிப்பு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அங்கே அவள் யோசிப்பதைக் கேட்க ஆளில்லை.

அவள் குழுவில் பொன்துரை, சாகுல் என்று இரண்டு பேர். தொழில், சுண்டல் வண்டி. பெண்கள் விடுதிப் பிள்ளைகளிடம் விசாரித்தபோது எல்லோரும் வாங்குவோம் என்றார்கள். வண்டியைக் கல்லூரி வாசலில் நிறுத்தினால் ஒருத்தியும் வரவில்லை. பொன்துரை விலையைக் குறைத்தான். சாகுல் மாங்காய் சேர்த்துப் பார்த்தான். செண்பகவல்லியைப் போஸ்டர் எழுத உட்கார வைத்திருந்தார்கள். பெண்பிள்ளைக்குக் கையெழுத்து அழகாக இருக்குமாம்!

அவள் தலைநிமிர்ந்து சொன்னாள்: "வாங்குவீங்களான்னு மத்தியானம் கேட்டீங்க. விக்கிறது ஏழு மணிக்கு. எங்க ஹாஸ்டல் கேட்டை ஆறரைக்கே பூட்டிருவாங்கல்ல?"

மறுநாள் ஐந்து மணிக்கே வண்டியை நிறுத்தினார்கள். பாத்திரம் காலி.

இறுதிச் சுற்று வந்தது. நடுவர்கள் வேலை முடித்து வர வேண்டுமே என்று பேராசிரியை ஜெபராணி அதை மாலை ஏழு மணிக்கு வைத்தார். ஆறரைக்கு விடுதிக்குள் இருந்தாக வேண்டிய செண்பகவல்லி காப்பாளரிடம் கெஞ்சினாள்.

"ஒங்க மேடம் ஒரு வார்த்த சொல்லட்டும், அனுப்புறேன்" என்றார் அவர்.

மேடம் அரங்கத்தில் ஃபோனை அணைத்து வைத்திருந்தார். 'கேட் பூட்டியாச்சு' என்று சாகுலுக்குச் செய்தி அனுப்பினாள். அவன் பார்த்துவிட்டதாக நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

புதுச் சுடிதாரோடு கட்டிலில் உட்கார்ந்து, பேச வேண்டியதைச் சுவரிடம் பேசினாள். அறைத்தோழிகள் சாப்பிடப் போயிருந்தார்கள். அரங்கத்தின் கைதட்டல் ஜன்னல் வழியே கேட்டது. யாருக்கு என்று தெரியவில்லை. அவ்வளவு தனியாக அவள் என்றைக்கும் இருந்ததில்லை.

மேடையில் நடுவர் கேட்டார்: "நேரத்த மாத்துனது யாரோட யோசனை?"

"எங்க டீமோடது சார்" என்றான் பொன்துரை.

"செண்பகவல்லியோடது" என்றான் சாகுல்.

"அவங்க எங்க?"

ஜெபராணி சிரித்தார். "பொண்ணுங்களுக்கு மேடைன்னா கூச்சம் சார். மூளை இருக்கு, துணிச்சல் பத்தல."

ஜெயித்தது அந்த யோசனைதான். ஆனால் வராதவருக்குப் பரிசு இல்லை என்று விதி. உண்மையைச் சொன்னதற்காகக் கடைச் சாவியை நடுவர் சாகுலிடம் கொடுத்தார். ஜன்னல் வழியே கேட்ட கைதட்டல் அதற்குத்தான்.

காலையில் சாகுல் விடுதி வாசலில் சாவியை நீட்டினான். "நீயே வச்சுக்க. எனக்கு மனசு கேக்கல."

செண்பகவல்லி கையை நீட்டவில்லை. "இங்க வேண்டாம். அதே மேடையில வச்சுக் குடு. பகல்ல."

அந்தச் சாவிக்காக ஏங்கியவள்தான் அவள். சொல்லுங்கள்: மறைத்த பொன்துரை, பேரைச் சொன்ன சாகுல், வாங்க மறுத்த செண்பகவல்லி, இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: செண்பகவல்லி. பொன்துரையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சாகுல் சொன்னது பாதி உண்மை. அவள் பேரைச் சொன்னவன், கூச்சம் என்று மேடம் சொன்னபோது வாயைத் திறக்கவில்லை. கேட் பூட்டிய செய்தியோ அவன் சட்டைப்பை ஃபோனில் இருந்தது. வாசலில் வாங்கினால் கடை கிடைக்கும், கூச்சக்காரி என்ற பேரும் கூடவே வரும். ஆறரை மணிக் கதவுதான் தடை என்று கண்டுபிடித்தவளை அதே கதவுக்குள் வைத்துவிட்டு, ஏழு மணிக்கு அவளுடைய யோசனைக்குப் பரிசு கொடுத்துக் கைதட்டியவர்கள் அல்லவா அவர்கள்!