ஒரு நோட்டில் மட்டும் இருந்தவள்

முதலில் கையுறையை நிறுத்தினார்கள். அதன்பின் வேனை நிறுத்தினார்கள். அதன்பின் கேட்டை மூடினார்கள். நான்காவதாக, நூற்றுப்பன்னிரண்டு பெண்களில் முப்பத்தைந்து பேர்தான் அங்கே வேலை செய்தார்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

இறால் கம்பெனி செய்த அநியாயத்தைத் தொம்மை எப்போதும் இந்த வரிசை மாறாமல்தான் சொல்வார். அன்றும் சொன்னார்.

"நாலும் தெரியும் அண்ணாச்சி," என்றாள் டீச்சர். "அஞ்சாவது?"

"இனிமேதான் பண்ணுவான்."

டீச்சரின் பெயர் செலின். துறைமுகச் சாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறவள். தொம்மையின் வயதில் பாதி.

தொம்மை தொழிற்சங்கத்துக்காக முப்பத்தொரு வருடம் கேட் வாசல்களில் நின்றவர். துண்டறிக்கைகளைப் படித்துப் படித்தே படிப்பாளி ஆனவர். எந்த முதலாளிக்கும் தலை குனிந்ததில்லை. அப்படிப்பட்டவர் இரண்டு மாதமாக அவள் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அட்டவணை போடக் கற்றுக்கொண்டிருந்தார்.

காரணம், தொழிலாளர் அதிகாரி. ஐந்து நோட்டுகளைத் தன்னால் புரட்ட முடியாது, ஒரே அட்டவணையாகக் கொண்டு வாருங்கள், ஆளுக்கு ஒரு வரி என்று சொல்லிவிட்டார். விசாரணை திங்கட்கிழமை. அட்டவணையில் பெயர் இருந்தால் கேட்டுக்குள் திரும்பப் போகலாம். இல்லாவிட்டால் இல்லை.

ஐந்து நோட்டுகளும் தொழிலாளிகள் கைப்பட எழுதியவை. யாரை ஏற்றினோம் என்று வேன் டிரைவர் எழுதியது ஒன்று. வேலையை விட்டுப் போன வாட்ச்மேன் கொடுத்த கேட் நோட்டு ஒன்று. கேன்டீன் நோட்டு, பூட்ஸ் கொடுத்த நோட்டு, காயத்துக்கு மருந்து போட்ட முதலுதவி நோட்டு.

தொம்மை தான் போட்ட அட்டவணைத் தாளை மேசையில் வைத்தார்.

ஐந்து நோட்டிலும் பெயர் இருக்கிறவர்களை மட்டுமே சேர்த்ததாகவும், ஒரு நோட்டில் இல்லையென்றாலும் தூக்கிவிட்டதாகவும் பெருமையாகச் சொன்னார். ஒரு காலத்தில் ஒரே ஒரு ஓட்டை வரியைப் பிடித்துக்கொண்டு ஒரு வக்கீல் அவருடைய மனுவையே கவிழ்த்திருக்கிறான். அதை அவர் மறக்கவில்லை.

"இதுல கம்பெனி வக்கீல் ஊசி நுழைக்க முடியாது," என்றார்.

டீச்சர் வரிகளை எண்ணினாள்.

"முப்பத்திரண்டு."

"ஆமா."

"கம்பெனியே முப்பத்தஞ்சுங்கான்."

தொம்மை தாளைத் தன் பக்கம் திருப்பி, தானும் எண்ணினார்.

"முதலுதவி நோட்டையும் சேர்த்திருக்கீங்க. அப்போ காயம்படாதவ எவளும் வேலையே பாக்கலையோ?"

பலமான அறிக்கை என்றால் இப்படித்தான் இருக்கும், குறைவாக இருந்தாலும் உறுதியாக இருக்கும் என்று தொம்மை மனதுக்குள் வாதாடிக்கொண்டிருந்தார்.

வெளியே பூவரச மரத்தடியில், அவருடன் வந்த பதினோரு பெண்கள் நின்றிருந்தார்கள். குடை, பை, மூக்குக்கண்ணாடி மூன்றும் வைத்திருப்பவர்களை மட்டும் உள்ளே வரச் சொல்லும்படி டீச்சர் கேட்டுக்கொண்டாள்.

இரண்டு பேர் வந்தார்கள்.

"நீங்க கண்ணாடி போட்டிருக்கீங்க. பையும் இருக்கு. குடை எங்க அண்ணாச்சி?"

"நான் எந்தக் காலத்துல குடை பிடிச்சேன்?"

"அப்போ வெளிய போங்க."

சிரிக்கிறாளா என்று பார்த்தார். சிரிக்கவில்லை. அவர் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினாள்.

"அண்ணாச்சிக்கே கதவடைப்பா?" என்றாள் ஒருத்தி. மரத்தடியில் சிரிப்பு எழுந்தது.

தொம்மை வெயிலில் நின்றார்.

பக்கத்தில் வந்து நின்றவள் கித்தேரி. பதினோரு வருடம் இறால் தலை கிள்ளியவள்.

"என் பேரு வந்திருச்சா அண்ணாச்சி?"

வரவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எந்தெந்த நோட்டில் இருக்கிறாய் என்று கேட்டார்.

அவள் சாவதானமாகச் சொன்னாள். வீடு கம்பெனிச் சுவருக்குப் பின்னாலேயே இருந்ததால் வேனில் ஏறியதில்லை. சோறு வீட்டிலிருந்து கொண்டுபோனதால் கேன்டீனுக்குப் போனதில்லை. கம்பெனி பூட்ஸ் காலுக்குப் பெரிதாக இருந்ததால் சொந்தச் செருப்போடுதான் ஐஸ் தண்ணீரில் நின்றாள். போய்வந்தது ஐஸ் லாரி வாசல் வழியாக. அங்கே லாரியைத்தான் எழுதுவார்கள், ஆளை எழுத மாட்டார்கள்.

"ஒரே ஒரு தடவை எழுதுனாங்க," என்று வலது கையை நீட்டினாள். ஆள்காட்டி விரலில் நான்கு தையல் தழும்பு.

தொம்மை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போய்க் கதவைத் தட்டினார்.

"யாரு?"

"முதல்ல கையுறை," என்றார் தொம்மை. "அப்புறம் வேன். அப்புறம் கேட்டு. அப்புறம் முப்பத்தஞ்சு. அஞ்சாவது, இந்தத் தாளு."

கதவு திறந்தது.

இந்த முறை அவர் நோட்டுகளை உடனே தொடவில்லை. முதலில் சங்கப் பட்டியலைப் பார்த்து நூற்றுப்பன்னிரண்டு பெயர்களையும் எழுதினார். அதன்பிறகுதான் ஒவ்வொரு நோட்டாகப் பிரித்து, பெயருக்கு நேரே கிடைத்ததை நிரப்பினார். நிரம்பாத கட்டங்கள் நிறைய இருந்தன.

"இதுல என்ன எழுத டீச்சர்?"

"ஒண்ணும் எழுதாதீங்க."

"வக்கீல் கேப்பானே."

"கேக்கட்டும்."

"கேட்டா?"

"நூத்திப்பன்னிரண்டு பேரும் திங்கக்கிழமை சும்மாதான இருக்காங்க?"

தொம்மை கடைசியில் தாமாக ஒரு வேலை செய்தார். காலிக் கட்டம் அதிகமுள்ள வரிகளை மேலே ஏற்றினார். டீச்சர் அதைப் பார்த்தாள். அன்று முதல்முறையாக அவருக்கு டீ வரவழைத்தாள்.

திங்கட்கிழமை விசாரணை அறையில் பெண்களுக்கு இடம் போதவில்லை. வராந்தாவிலும் படியிலும் நின்றார்கள்.

கம்பெனி வக்கீல் அட்டவணையை வாங்கினார். முதல் வரியிலேயே நான்கு கட்டம் காலி என்று சுட்டிக்காட்டி, இப்படிப்பட்ட வரிகளையெல்லாம் நீக்கிவிட வேண்டும் என்றார்.

அதிகாரி அட்டவணையைப் பார்த்தார். பிறகு சன்னலையும் அடைத்துக்கொண்டு நின்ற பெண்களைப் பார்த்தார்.

"நீக்குறதுக்கு முன்னாடி யாரை நீக்குறோம்னு தெரியணும் இல்லையா?" என்றார். "தொம்மை, நீங்க வாசிங்க. பேர் வந்தவங்க எந்திரிச்சு, எங்க நின்னு வேலை பாத்தீங்கன்னு சொல்லுங்க. கூட நின்னவங்க சாட்சி சொல்லலாம். எவ்வளவு நேரமானாலும் சரி."

முப்பத்தொரு வருடம் கோஷம் போட்ட தொண்டை. தொம்மை அதைச் செருமிச் சரிசெய்தார். கண்ணாடியை மாட்டினார்.

அட்டவணையின் முதல் வரியை வாசித்தார்.

"கித்தேரியம்மாள்."