மூக்கில் கட்டிய துணி

“வேலுகிட்ட இருந்து உக்கிராண அறைச் சாவியை வாங்கிடுங்க அம்மா.”

மடப்பள்ளியிலிருந்து நேராக வந்திருந்தார் சமையற்காரர் அம்பலவாணன். வாயையும் மூக்கையும் சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. கையில் ஒரு கிண்ணம் நெய்.

மடத்துத் தலைவி குருவம்மா முருகனுக்கு அரளிமாலை தொடுத்துக்கொண்டிருந்தார். அம்பலவாணனின் மகளைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவரிடம்தான் அம்பலவாணன் தீட்சை வாங்கியிருந்தார்.

“வேலு என்ன செய்தார்?”

“நெய்யில கலப்படம். துளிகூட மணமில்லை. ஏலக்காயும் சக்கை. உக்கிராணத்துல இருக்கிற நல்ல சாமானையெல்லாம் எங்கேயோ தள்ளிவிடுறான்.”

“பார்த்தீங்களா?”

“பார்க்கணுமா? நான் அந்தப் பக்கம் திரும்பினா இந்தப் பக்கம் வந்து மூடியைத் தூக்குறான். நான் வந்தா நைசா நழுவிடுறான். பரிமாறுறவங்களோட குசுகுசுன்னு பேச்சு. என் தலை தெரிஞ்சதும் பேச்சு நின்னுடுது. அவன் மீசையில நெய் மின்னுது அம்மா!”

“அவருக்கு மீசையே இல்லையே ஐயா.”

“இருந்தா மின்னும்.”

குருவம்மா மாலையைக் கீழே வைத்தார்.

அந்த மடத்தில், முருகனுக்குப் படைப்பதற்கு முன் மனுஷ மூக்கு முகரக் கூடாது. அதற்குத்தான் துணி. ருசி பார்ப்பதும் கிடையாது. படைத்த பிறகு அது பிரசாதம். பிரசாதத்தை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனாலும் இத்தனை வருஷமும் நெய் மணம் அந்தத் துணியைத் தாண்டி உள்ளே வந்துவிடும். “அப்பனே, மன்னிச்சுக்கோ” என்று அம்பலவாணன் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அப்படிப் போட்டுக்கொண்டு நாளாயிற்று.

“துணியை அவிழ்த்துட்டு முகர்ந்து பாருங்க.”

அவிழ்த்தார். முகர்ந்தார்.

“இப்பவும் ஒண்ணுமில்லை! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

குருவம்மா கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். சேலைத் தலைப்பை நாலாய் மடித்து மூக்கில் இறுக்கிப் பிடித்தார். குனிந்தார்.

“நல்லா மணக்குது.”

அம்பலவாணனுக்குச் சுருக்கென்றது. இத்தனை மடிப்பைத் தாண்டி மணக்கிறதாம்! இவரும் அவன் பக்கம்தானா? காலையில் இருவரும் கிணற்றடியில் நின்று பேசினார்களே, என்ன பேசினார்கள்?

குருவம்மா தலைப்பை எடுக்கவில்லை. முகம் மட்டும் மடப்பள்ளிப் பக்கம் திரும்பியது.

“அடுப்புல என்ன இருக்கு ஐயா?”

“பாயசத்துக்குப் பால்.”

“அடிப்பிடிக்குது.”

“யார் சொன்னது?”



மடப்பள்ளி முற்றத்துக்கு அந்தக் கோடியில் இருந்தது. சத்தமில்லை, புகையில்லை. பேச்சை மாற்றுகிறார் என்றுதான் அம்பலவாணன் நினைத்தார். பொய்யென்று காட்டிவிட வேண்டும் என்றே விறுவிறுவென்று நடந்தார்.

உள்ளே வேலு. உக்கிராண அறையிலிருந்து ஓடிவந்திருந்தார், மேல்மூச்சு வாங்கியது. மூக்கில் துணி கட்டியிருந்தார். உருளி அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. அடியைக் கலக்காமல், மேலாகப் பாலை வேறு பாத்திரத்துக்கு மொண்டுகொண்டிருந்தார்.

அம்பலவாணனைக் கண்டதும், வழக்கம்போல நழுவப் பார்த்தார்.

“நில்லு.”

நின்றார்.

பால் தீர்ந்த உருளியின் அடி கன்னங்கரேலென்று இருந்தது. அம்பலவாணன் குனிந்தார். முகத்தைக் கருகலுக்கு அருகே கொண்டுபோய் மூச்சை இழுத்தார்.

மறுபடியும் இழுத்தார்.

அவிழ்த்த துணி அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“எத்தனை நாளாடா இப்படி இறக்கி வைக்கிறே?”

“எப்பவாவதுதான் அண்ணே.”

“என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

“யார் சொல்றதுன்னுதான் எல்லாருமா பேசிக்கிட்டிருந்தோம்.”

அம்பலவாணன் துணியை எடுத்து மறுபடி மூக்கில் கட்டிக்கொண்டார். முடிச்சு சட்டென்று விழவில்லை. பிறகு நெய்ச் சொம்பைத் திறந்து வேலுவின் முகத்தருகே நீட்டினார்.

“எப்படி மணக்குது? சொல்லு.”

வேலு கண்ணை மூடினார். துணிக்கு மேலேயே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்பலவாணனும் போட்டுக்கொண்டார். அவர் பார்த்து நின்றது சந்நிதியை இல்லை, வேலுவை.