சூறாவளி சொக்கனை விட்டுப் பிடித்த கதை

எந்தக் காலம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ரோஷம் அதிகமாகவும் இருந்த காலம். மருதங்குழி நாட்டைத் திருமேனிராயர் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்குச் செண்டாட்டத்தில் பைத்தியம். நுனி வளைந்த கோலால் பந்தை அடித்து, எதிரியின் வாசலுக்குள் தள்ளும் ஆட்டம் அது. தை பிறந்தால் பக்கத்துச் செம்பாறை நாட்டோடு போட்டி. தோற்ற ராஜா ஜெயித்த ராஜாவுக்கு ஒரு நாள் முழுக்கக் குடை பிடிக்க வேண்டும். திருமேனிராயர் மூன்று வருஷமாகக் குடை பிடித்துத் தோள் இறங்கிப்போயிருந்தார்.

ஆட்டக்காரனுக்கு அள்ளிக் கொடுத்தே இரண்டு கஜானாவும் ஒரு சமயம் காலியானதால், எல்லைக் கல்லில் ஒரு விதி வெட்டி வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர் பதினோரு பேர். வருஷச் சம்பளம் எல்லாம் சேர்த்து ஆயிரம் பொன்னைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஆடாமலே தோல்வி.

ஐப்பசி மழை பிடித்ததும் ஆட்டம் நின்றுவிடும். ஆள் பிடிக்கும் காலம் அதுதான். மூன்று வருஷம் ஆள் பிடித்துத் தோற்றவர் தளவாய் மல்லப்பர். இந்த வருஷம் ராஜா அவரை ஒதுக்கிவிட்டு, மாட்டுத் தரகன் ஒச்சப்பனை அழைத்தார்.

ஒச்சப்பன் முன்கோபி. பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவன். சந்தையில் ஏமாந்து வாங்கிய அடிதான் அவன் படிப்பு. அதில் அவன் பாஸானதற்கு நெற்றித் தழும்பு சாட்சி.

"மாட்டுத் தரகனுக்கு மனுஷன் விலை என்னய்யா தெரியும்?" என்றார் தளவாய், சபை சிரிக்க.

"மாடு பொய் சொல்லாது தளவாயே. மனுஷன் சொல்லுவான். அதனாலே கொஞ்சம் கூடுதலாப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்போம். உங்க பல்லைக் காட்டுங்க, சொல்றேன்!"

ராஜாவே சிரித்துவிட்டார். ஆனாலும் முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னார்: "ஒச்சப்பா, எனக்குச் சூறாவளி சொக்கன் வேண்டும். இந்த முறையும் நான் குடை பிடித்தால், நீ இனி எந்தச் சந்தையிலும் மாட்டுக் கயிற்றைத் தொடக் கூடாது. தெரிந்ததா?"

கயிற்றை விட்டால் ஒச்சப்பனுக்கு வேறு பிழைப்பில்லை. "சரி மகாராஜா. ஆனா குறுக்கே ஒருத்தரும் பேசப்படாது."

சூறாவளி சொக்கன் எந்த நாட்டுக்கும் கட்டுப்படாத ஆட்டக்காரன். கூடக் கொடுப்பவனுக்கு ஆடுவான். மறுநாள் சபைக்கு வந்தான். ஒச்சப்பன் தோள்துண்டை எடுத்துச் சொக்கன் கைமேல் போட்டு, சந்தை வழக்கப்படி துண்டுக்கடியில் விரலைப் பிடித்தான். ஒரு விரல் நூறு பொன். பேசியது அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். சபை துண்டைத்தான் பார்க்கலாம்.

தளவாய் தூணோரம் நகர்ந்து நகர்ந்து கிட்டே வந்தார். அந்த நேரம் பார்த்துத் துண்டு நழுவியது. சொக்கனின் ஐந்து விரலும் ஒச்சப்பன் பிடிக்குள் இருந்தன.

"அட, கருமம் பிடிச்ச துண்டு!" என்று ஒச்சப்பன் கத்தினான். "யோசிச்சு நாளைக்கு வா தம்பி."

வெளியே வந்ததும் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "மூக்கணாங்கயிறு மாட்டியாச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அன்று மாலையே செம்பாறைக்குச் சேதி போயிற்று. மருதங்குழி ஐந்நூறு தருகிறது, மேலே போட்டால் சொக்கன் உங்களுக்கு. செம்பாறை ராஜா உத்தண்டராயர் அறுநூற்றைம்பது வீசினார். சொக்கன் போய்விட்டான். சபையில் இடி விழுந்தது.

"கோட்டை விட்டாயே தரகா!" என்றார் ராஜா.

"கோட்டை எங்கேயும் போகலை மகாராஜா. பத்து நாள் பொறுங்க. நான் எல்லைச் சத்திரத்துக்குப் போறேன்."

ஒருவனுக்கே அறுநூற்றைம்பது போனால், மற்றப் பத்துப் பேருக்கு மிச்சம் முந்நூற்றைம்பதுதானே? உத்தண்டராயர் தன் நல்ல ஆட்டக்காரர்களைக் கூப்பிட்டு, "பாதிச் சம்பளத்துக்கு ஆடுங்கள்" என்றார். நாலு பேர் கோலைப் போட்டுவிட்டு மழையில் நடந்தார்கள். வாசல் காக்கும் பெரியாண்டி, இரட்டையர் மாயனும் மாசானமும், இடதுகை எல்லப்பன்.

சத்திரத்தில் ஒச்சப்பன் சுடுசோறும் கருவாட்டுக் குழம்புமாகக் காத்திருந்தான்.

"எங்க அருமை எங்க ராஜாவுக்குத் தெரியலையே!" என்று பெரியாண்டி குமுறினான்.

"முதல்ல சாப்பிடுப்பா. கோபத்தோட விலை பேசினா உனக்குத்தான் நஷ்டம். எனக்குத் தெரியும், நான் எத்தனை தரம் அப்படி இழந்திருக்கேன்!"

ஆளுக்கு நூற்றைம்பது. நாலு பேருக்கு அறுநூறு. உள்ளூர்ப் பிள்ளைகள் ஏழு பேருக்கு நானூறு. ஆயிரம் கச்சிதம். ஆள் குறைந்து தவித்த செம்பாறைக்கு, மருதங்குழியின் ஓட முடியாத பழைய ஆட்டக்காரர் நாலு பேரையும் சல்லிசாகத் தள்ளிவிட்டான். அதில் ராஜாவின் மைத்துனரும் ஒருவர். ராணியம்மா பத்து நாள் ராஜாவோடு பேசவில்லை.

தை வந்தது. சூறாவளி சொக்கன் சூறாவளியாகத்தான் சுழன்றான். ஆனால் பந்தை அவனிடம் தள்ளிவிட ஆளில்லை. மைத்துனர் மைதான நடுவில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார். சொக்கன் தனியாளாக இரண்டு போட்டான். மருதங்குழி ஐந்து போட்டது. உத்தண்டராயர் குடை பிடித்தார். திருமேனிராயர் வெயிலே இல்லாத இடத்திலும் வேண்டுமென்றே நடந்தார்.

மறுநாள் சபையில் நூறு பொன் முடிச்சைக் கொடுத்தார் ராஜா. ஒச்சப்பன் கை நீட்டவில்லை.

"இதில பாதி எனக்குச் சேராது மகாராஜா. நம்ம விலையைச் செம்பாறைக்குச் சொல்லியனுப்பி, சொக்கனை அவங்க தலையில கட்டின புண்ணியவான் ஒருத்தர் இருக்கார். அவர் இல்லாம இந்த ஜெயம் இல்லை. யாரோ தெரியலை. வந்து வாங்கிக்கட்டும்."

சபை பார்த்தது. ஐம்பது பொன், கூடவே ஜெயித்த பெயரில் பாதி. தளவாய் மீசையை நீவிக்கொண்டு முன்னால் வந்தார். "தற்பெருமை வேண்டாமென்று இருந்தேன். நான்தான் அது."

ராஜா மெதுவாக எழுந்தார். "நம் விலையை எதிரிக்குச் சொன்னது நீர்தானா? நாம் ஜெயிக்க வேண்டும் என்றா சொல்லியனுப்பினீர்?"

தளவாயின் கை மீசையிலேயே நின்றுவிட்டது.

"சிறையெல்லாம் வேண்டாம் மகாராஜா" என்றான் ஒச்சப்பன். "மனுஷன் வேகமா ஓடிச் சேதி சேர்க்கிறார். அந்தக் காலை வீணாக்கலாமா?"

ஒச்சப்பனை ஆட்ட மந்திரியாக்கிய ராஜா, பயிற்சி நேரத்தில் முள்வேலிக்குள் விழும் பந்தை எடுத்துவரும் வேலையைத் தளவாய்க்குக் கொடுத்தார். முதல் நாளே நாற்பது பந்து வேலிக்குள் போயிற்று. அதில் ஒன்றுகூடக் குறி தவறிப் போனதில்லை என்று பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள்.