நான்கு விரல் கீழே

நாணல் குளத்தில் ஒரு கொக்கு மீன்பிடி வகுப்பு நடத்தியது. அந்த வருடம் வயல்கள் காய்ந்துபோய் நண்டுகூட அகப்படவில்லை. மூன்று குட்டிகளை வைத்துக்கொண்டு தவித்த நரி, அதனால்தான் வகுப்பில் சேர்ந்தது. கீரியும் காகமும் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தன.

கொக்கு ஒரு குச்சியைத் தண்ணீரில் சாய்த்து நட்டது.

“குச்சி ஒடிந்த மாதிரி தெரியுதே, ஏன்?”

“டீச்சர், இது பரீட்சைக்கு வருமா?” என்றது கீரி.

“ஒளி தண்ணீரை விட்டு வெளியே வரும்போது வளையுது. அதனால் மீன் இருக்கிற இடம் ஒன்று, தெரிகிற இடம் ஒன்று. யோசிச்சுப் பாருங்க!”

“அதெல்லாம் இருக்கட்டும் டீச்சர். தெரிகிற இடத்துக்கு எத்தனை விரல் கீழே பிடிக்கணும்? அதைச் சொல்லுங்க!” என்றது நரி.

தினமும் இதே கேள்வி. கொக்குக்குச் சலித்துவிட்டது.

“நான்கு விரல்! போதுமா?”

“போதும்!”

குளத்தின் ஓரத்தில், முழங்கால் தண்ணீரில் பரீட்சை நடந்தது. மூன்றும் ஒப்பித்தன. மூன்றும் மீன் பிடித்தன. நரிதான் முதல் மதிப்பெண். கொக்கு பெருமையாகக் கழுத்தை நீட்டியது.

மறுவாரமே ஓரத்துத் தண்ணீர் வற்றியது. மீன்கள் குளத்தின் நடுவே ஆழமான மடுவுக்குப் போய்விட்டன. நரி குட்டிகளோடு அங்கே போனது.

“அம்மா பிடிக்கிறதைப் பாருங்க!”

நான்கு விரல் கீழே பாய்ந்தது. மீன் இல்லை. பத்து முறை பாய்ந்தது. பத்து முறையும் வெறுங்கைதான்.

“அம்மா, நீதானே ஃபர்ஸ்ட்டு?” என்றது கடைக்குட்டி. அது கேலி செய்யவில்லை. பசியில் கேட்டது.

நரி முகத்தை நாணல் பக்கம் திருப்பிக்கொண்டது. பிறகு கொக்கிடம் போய், நிமிர்ந்து பார்க்காமலே சொன்னது.

“ஒப்பிச்சேன் டீச்சர். ஒன்றும் புரியலை. புரியலைன்னு சொல்ல வெட்கமா இருந்தது.”

கொக்கு தலையைத் தொங்கப்போட்டது.

“நான்தான் வெட்கப்படணும், நரியம்மா. எதுக்கு வந்தீங்கன்னு ஒருநாள்கூட உங்களைக் கேட்கலை. குச்சி எதுக்குன்னும் சொல்லலை. தொல்லை விட்டால் போதும்னு விரல் கணக்கைச் சொன்னேன்.”

அது குச்சியை மடுவில் மெல்ல மெல்ல இறக்கியது. நரி கண்கொட்டாமல் பார்த்தது.

“ஆழம் கூடக் கூட நுனி இருக்கிற இடத்தைவிட இன்னும் மேலே தெரியுதே! அப்போ நான்கு விரல் ஓரத்துக்கு மட்டும்தானா?”

“அதேதான்! உங்க குட்டிகளுக்கு மீன் பிடிக்கத்தான் இந்தக் குச்சி.”

நரி இரண்டு முறை தவறவிட்டது. மூன்றாம் முறை ஒரு கெளுத்தி துள்ளியது. குட்டிகள் பாராட்டவில்லை, தின்னத்தான் நேரம் இருந்தது.

கொக்கு மட்டும் அன்று கழுத்தை நீட்டவே இல்லை.

படிக்க வந்தவர் எதற்கு வந்தார், சொல்லித்தருபவர் எதற்குச் சொல்லித்தருகிறார் என்று முதல்நாளே மனம்விட்டுப் பேசிக்கொள்ளாத வகுப்பில் மதிப்பெண் கிடைக்கும், மீன் கிடைக்காது.