இரண்டே முக்கால் கொடி

கார்த்திகை மாதத்தின் மூன்றாம் ஞாயிறு. காலை எட்டு மணி ஏழு நிமிடம். இரவு பெய்த மழை பாளையங்கோட்டை மைதானத்தில் இன்னும் முழுதாக வடியவில்லை.

“டீச்சர், ஓடி முடிச்சு நிக்கிறேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

ஜெசிந்தா டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த சாலையைப் பார்த்தார்.

“கொடி வந்துட்டு அண்ணாச்சி. யார் வந்தா?”

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். சாலையில் ஒருவரும் இல்லை.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. நில அளவைத் துறையில் உத்தியோகம். டீச்சருக்கு முப்பத்தாறு. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. விடியற்காலைகளில் பதினான்கு பேருக்கு நெடுந்தூர ஓட்டம் பயிற்றுவித்தார். வயதில் மூத்த மாணவர் ஆவுடையப்பனே.

அன்று நடந்தது ஊரின் அரை மாரத்தான், இருபத்தொரு கிலோமீட்டர். ஆவுடையப்பன் தம்மைத் தயார் செய்துகொண்டிருந்தது அதற்காக அல்ல. தை மாதம் தூத்துக்குடிக் கடற்கரையோரம் நடக்கவிருந்த நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓட்டத்துக்காக.

ஆகவே டீச்சர் அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார். முதுகில் ஒரு பிரம்பு, அதில் ஒரு மஞ்சள் கொடி, கொடியில் ‘இரண்டே முக்கால்’ என்ற எழுத்து. அதைச் சுமப்பவர் இரண்டே முக்கால் மணி நேரத்தில் ஓடி முடிக்க வேண்டும். முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது. அந்த நேரத்துக்குள் முடிக்க விரும்புவோர் அவரைத் தொடர்ந்து ஓடுவார்கள்.

காலை ஐந்தரைக்குப் புறப்படும்போது பின்னால் பதினொரு பேர் இருந்தார்கள்.

“எட்டு நிமிஷம் முன்னாலயே வந்திருக்கீங்க” என்றார் டீச்சர்.

“கடைசி ஏழு கிலோமீட்டரைக் கொஞ்சம் வேகமா ஓடினேன். உங்க பயிற்சி அட்டவணையில இருக்கே, டீச்சர்.”

“எந்தக் கிழமையில இருக்கு?”

“புதன்கிழமை.”

“புதன்கிழமை?”

“ஆபீஸ்ல வேலை. ஓட முடியலை. அதை இன்னைக்குச் சேர்த்துக்கிட்டேன்.”

டீச்சர் மறுபடி சாலையைப் பார்த்தார்.

“பின்னால வர்றாங்கன்னுதான் நினைச்சேன் டீச்சர். படபடன்னு கால் சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தது.”

டீச்சர் அவர் முதுகிலிருந்து பிரம்பை அவிழ்த்து ஒருமுறை அசைத்தார். ஈரக்கொடி காற்றில் அடித்துக்கொண்டது.

படபட.



எட்டேகாலுக்குப் பிறகு கொடியின் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சிலர் நொண்டினார்கள். ஒருவர் வாந்தி எடுத்தார். டீச்சர் விரல் விட்டு எண்ணினார். பத்து.

“இசக்கியம்மாளைக் காணோம்” என்றார்.

இசக்கியம்மாள் பள்ளிச் சத்துணவு அமைப்பாளர். நாற்பத்து நான்கு வயது. அவருக்கும் தூத்துக்குடி ஓட்டத்தில் ஓட வேண்டும். முதன்முறை ஓடுவோர் அரை மாரத்தானை இரண்டு மணி ஐம்பது நிமிடத்துக்குள் முடித்த சான்றிதழைக் காட்ட வேண்டும் என்பது அங்கே விதி. முதல் ஆண்டு அவருக்கு மூன்று மணி நான்கு நிமிடம் ஆயிற்று. இரண்டாம் ஆண்டு மூன்று நிமிட வித்தியாசத்தில் தவறியது. இது மூன்றாம் ஆண்டு.

மணி எட்டு இருபது. அந்த இரண்டு மணி ஐம்பது நிமிடம் முடிந்தது.

ஆவுடையப்பன் வாட்சைப் பார்த்தார். பிறகு அதைக் கழற்றிப் பையில் போட்டார்.

“இப்ப நான் என்ன செய்யணும் டீச்சர்?”

டீச்சர் பிரம்பை மறுபடி அவர் முதுகில் கட்டினார். முடிச்சை இறுக்கினார். தோளைப் பிடித்து, அவர் வந்த சாலையின் பக்கமாகத் திருப்பினார்.

“நேரம்தான் முடிஞ்சு போச்சே” என்றார் ஆவுடையப்பன்.

“கொடிக்கு இன்னும் ஆள் வரணும்லா.”

ஆவுடையப்பன் வந்த வழியே நடந்தார். எதிரே வந்துகொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

தேநீர்க் கடையில் நின்ற ஒருவர் சொன்னார். “அண்ணாச்சி, முடிக்கிற இடம் அந்தப் பக்கம்.”

“தெரியும் வே.”

“தெரிஞ்சே போறாரு” என்றார் பக்கத்தில் நின்றவர். “கொடியில என்ன எழுதியிருக்கு? இரண்டே முக்காலா? பகலா, ராத்திரியா?”

கடையே சிரித்தது. ஆவுடையப்பன் மேலே நடந்தார்.

தண்ணீர் வைத்திருந்த மேசைகளை மடக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூரப் பலகைகளையும் பிடுங்கிக்கொண்டு வந்தார்கள். பதினெட்டாம் பலகை மட்டும் நின்றது. அதன் அருகே, வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில், ஒரு காலில் ஷூ இல்லாமல் இசக்கியம்மாள் அமர்ந்திருந்தார். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருந்தது.

கொடியைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. உங்களுக்குக் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்துட்டேன்.”

ஆவுடையப்பன் அவர் எதிரே வந்து நின்றார்.

“பதினாலாம் பலகை வரைக்கும் நல்லாத்தான் வந்தேன். அதுக்கப்புறம் கொடி தள்ளிப் போச்சு. நான்தான் தளர்ந்துட்டேன்னு நினைச்சேன். சண்டாளி, இன்னைக்கா உனக்குக் கால் ஓய்ஞ்சு போகணும்னு என்னையே ஏசிக்கிட்டு ஓடினேன். நாலு கிலோமீட்டர் விடலை. அப்புறம் இந்தக் கால் பிடிச்சுக்கிட்டு.”

ஒரு மாதத்துக்கு முன்பு, பயிற்சி முடிந்த ஒரு காலையில் இசக்கியம்மாள் கேட்டிருந்தார்: “ஒரு வாட்ச் வாங்கிருவோமா அண்ணாச்சி?” ஆவுடையப்பன் சிரித்துக்கொண்டு சொன்னது இது: “அந்தச் செலவு எதுக்கும்மா? நான் இருக்கேன்லா. கொடியைப் பாருங்க.”

அந்தச் சொற்கள் ஒன்றுவிடாமல் இப்போது ஆவுடையப்பனின் நினைவுக்கு வந்தன.

“நீங்க தளரலைம்மா” என்றார். “கொடிதான் வேகமாப் போச்சு.”

இசக்கியம்மாள் அவரையே பார்த்தார்.

“எவ்வளவு?”

“எட்டு நிமிஷம்.”

இசக்கியம்மாள் மறுபடி உட்கார்ந்தார். ஷூவை எடுத்து, உள்ளே இருந்த மணலைத் தட்டினார். மெதுவாக மாட்டினார். கயிற்றை இருமுறை கட்டி இருமுறை அவிழ்த்தார்.

“அப்ப, பதினாலுல நான் சரியாத்தான் ஓடிட்டு இருந்திருக்கேன்.”

“ஆமாம்மா.”

“சரி.”



“வண்டி பிடிச்சுட்டு வரட்டுமா?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

“எதுக்கு? மூணு கிலோமீட்டர்தானே மிச்சம். முன்னால போங்க.”

“நான் பின்னால வரேன்மா.”

“கொடி பின்னால வந்தா எனக்கு என்ன தெரியும்? போங்க.”

ஆவுடையப்பன் முன்னால் நடந்தார். பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் இசக்கியம்மாள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கொடியைப் பார்க்கவில்லை.

தேநீர்க் கடையில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அவர்கள் மைதானத்தை அடைந்தபோது மணி ஒன்பது நாற்பது. முடிவிடத்தின் வளைவு இறக்கப்பட்டிருந்தது. கடிகாரத்தைக் கொண்டுபோயிருந்தார்கள். வளைவு இருந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு பாதி கரைந்து கிடந்தது. அதன் ஓரத்தில் ஜெசிந்தா டீச்சர் மட்டும் நின்றார்.

இசக்கியம்மாள் கோட்டைத் தாண்டினார்.

“நாலு மணி பத்து நிமிஷம்” என்றார் டீச்சர். சொல்லிவிட்டுக் குறிப்பேட்டில் எழுதினார்.

“அந்த நேரத்துக்குச் சான்றிதழ் தருவாங்களா டீச்சர்?” என்று கேட்டார் இசக்கியம்மாள். தானே சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தண்ணீர்ப் பாட்டிலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆவுடையப்பன் கொடியை அவிழ்த்து டீச்சரிடம் நீட்டினார்.

“தை மாசம் நான் ஓடலாமா டீச்சர்?”

டீச்சர் கொடியைப் பிரம்பில் சுற்றினார்.

“கால் ஓடும், அண்ணாச்சி.”

தூத்துக்குடி ஓட்டத்துக்கு ஆவுடையப்பன் ஐப்பசியிலேயே ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கட்டியிருந்தார். அவர் போகவில்லை, பணமும் திரும்பவில்லை. மறு ஆண்டு ஆவணியில் உள்ளூர் ஓட்டத்துக்குப் பதிவு தொடங்கிய நாளன்று, தம் பெயருக்கும் இசக்கியம்மாள் பெயருக்கும் தலைக்கு அறுநூறு ரூபாய் கட்டினார். மறுநாள் விடியற்காலைப் பயிற்சியில் இசக்கியம்மாள் அறுநூறு ரூபாயை முழுதாக அவர் கையில் வைத்தார். வைத்த கையில் ஒரு வாட்ச் இருந்தது. அதற்கு எண்ணூற்றைம்பது ரூபாய். முந்தைய ஆண்டு ஓட்டத்துக்கு அடுத்து வந்த மார்கழியிலேயே, முதல் தேதியன்று, இசக்கியம்மாள் அதை வாங்கியிருந்தார்.